தெர்மாகோல் நுண்ணோக்கி

எங்கள் பள்ளி அறிவியல் ஆய்வகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக ஒரு பொருள்கூட உடைந்ததில்லை. ஆண்டுதோறும் ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் இதை வியந்து ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த வரிகளையெல்லாம் ஆய்வகப் பொறுப்பாளர் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தார். ஒரு பொருள்கூடப் பயன்பட்டதும் இல்லை என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. இடம் இல்லாத ஒன்றை எந்த அதிகாரி எழுதப் போகிறார்?

பொறுப்பாளர் என்பவர் எங்கள் பள்ளியின் மூத்த அறிவியல் ஆசிரியர். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பூட்டு சார். அது அவருக்கும் தெரியும். கொஞ்சம் பெருமையும் உண்டு என்று நினைக்கிறேன். நான் அதே பள்ளியின் ஓவிய ஆசிரியர். எனக்கு அறிவியல் சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் பூட்டு சாரின் அறிவியலில் பாதி என் தூரிகையில்தான் நடந்தது. இதயம், கண், பூவின் உட்புறம், தவளையின் குடல் எல்லாம் நான் வரைந்த சார்ட்டுகள். ஆகவே அவரைத் திட்டுகிற சாக்கில் இடையிடையே என்னையும் திட்டிக்கொள்வேன். கண்டுகொள்ள வேண்டாம்.

ஆய்வகம் மாடியில் கடைசி அறை. உள்ளே கண்ணாடிக் கதவு போட்ட ஆறு பீரோக்கள். பீக்கர்கள் கடையிலிருந்து வந்த அட்டைப் பெட்டிகளிலேயே, சுற்றி வந்த காகிதம்கூடக் கலையாமல் இருந்தன. திரவம் அளந்து விடுகிற நீளக் குழாய்களான பியூரெட்டுகள் படுத்த படுக்கையாகக் கிடந்தன. நுண்ணோக்கிகள் மூன்று. மூன்றுக்கும் பாலித்தீன் உறை, அதற்கு மேலே துணி உறை, அதற்கும் மேலே ஒரு சீட்டு: 'தொடாதே.' லிட்மஸ் தாள் கட்டுகள் பிரிக்கப்படாமலே வெளுத்து, சிவப்பும் நீலமும் ஒரே சாம்பல் நிறத்துக்கு வந்து சமாதானமாகி இருந்தன. கழுவுதொட்டியில் குழாய் உண்டு, தண்ணீர் வராது. தண்ணீர் வந்தால் மேசை நனையும் என்று வால்வை மூடி வைத்தவர் அவரேதான். ஆறு பீரோவின் சாவிகளும் அவர் இடுப்பில். அவர் நடந்து வரும் சத்தம் கேட்டே பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்துகொள்வார்கள்.

பாடம் நடத்துவதில் அவரைக் குறை சொல்லிவிட முடியாது. கரும்பலகையில் ஒரு கூம்புக் குடுவை வரைந்தார் என்றால் நானே பொறாமைப்படுவேன். அதற்குக் கீழே அம்பு போட்டு, பாகங்களின் பெயர் எழுதி, பிள்ளைகளைப் பின்னால் சொல்ல வைப்பார். செய்முறை நோட்டில் சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று கட்டங்கள் உண்டு. ஊர் உலகத்தில் முதலில் சோதனை செய்து, பிறகு கண்டதை எழுதி, கடைசியில் அதிலிருந்து அறிந்ததை எழுதுவார்களாம். எங்கள் பள்ளியில் முதலில் அறிவன. அது சொல்லி எழுத வைக்கப்படும். அதற்குத் தோதாகக் காண்பன. வருடக் கடைசியில் நேரம் இருந்தால் சோதனைக் கட்டத்தையும் நிரப்பிக்கொள்ளலாம். செய்முறைத் தேர்வையும் அவரே நடத்தி, எல்லோருக்கும் ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு போட்டுவிடுவார். பிள்ளைகள் சந்தோஷம், பெற்றோர் சந்தோஷம், பீக்கர்களும் சந்தோஷம்.

மனுஷன் பிறவியிலேயே இப்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வெந்நீரும் பனிக்கட்டியும் கொண்டுவந்து வகுப்பில் வெப்பமானியை வைத்து ஏதோ காட்டியிருக்கிறார். பிள்ளைகள் முண்டியடித்துப் பார்த்ததில் வெப்பமானி மேசையிலிருந்து உருண்டு உடைந்துபோயிற்று. மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. வெப்பமானி உருண்டது ஏன்? மேசை சாய்வாக இருந்ததா? ஆம் எனில் அதை முன்பே தெரிவிக்காதது ஏன்? இல்லை எனில் சாய்வில்லாத மேசையில் அது உருண்டது எப்படி? இவர் பதில் எழுத, அவர்கள் பதிலுக்குக் கேட்க, இரண்டு வருடத்தில் பதினொரு கடிதம். கடைசிக் கடிதத்தில் உடைந்த துண்டுகள் எங்கே என்று கேட்டிருந்தார்கள். இவர் அன்றைக்கே கூட்டிக் கொட்டிவிட்டார். அதற்குத் தனியாக ஒரு மன்னிப்புக் கடிதம். அதற்கப்புறம்தான் பூட்டு வாங்கினார். இந்தக் கதையை அவர் சொன்னபோது எனக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது. ஆனால் ஒரு வெப்பமானிக்காக இருபத்தாறு வருடம் பிள்ளைகளைப் பழிவாங்குவது கொஞ்சம் அதிகம்.

வீட்டிலும் அதே லட்சணம்தான். தொலைக்காட்சி ரிமோட்டுக்குப் பாலித்தீன் உறை. நாற்காலிகள் கடையில் வாங்கிய உறையோடு இருக்கும். உட்கார்ந்தால் சரக் சரக் என்று சத்தம் போடும். பீங்கான் கோப்பைகள் அலமாரியில், எங்களுக்குத் தேநீர் எவர்சில்வர் டம்ளரில். அவர் மனைவி பேருந்துப் பணிமனை அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். நாள் முழுக்க ஓட்டுநர்களோடு மல்லுக்கட்டிப் பழகிய வாய். முதல் தடவை நான் போனபோதே, "பாத்து உக்காருங்க சார். இந்த வீட்டுல கவர் போடாம இருக்கறது நானும் என் பொண்ணும் மட்டும்தான்" என்றார். பூட்டு சார் சிரித்துக்கொண்டார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாரோ என்னவோ.

அந்த ஒரே மகள் எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு. அப்பாவிடமே படித்தாள். ரத்தமும் சளியும் சோதித்துச் சொல்கிற பரிசோதனைக்கூட வேலைக்குப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பத்து வயதில் காய்ச்சல் வந்து கிடந்தபோது, ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்துவிட்டு இன்ன காய்ச்சல் என்று ஒரு பெண் சொன்னாளாம். அன்றிலிருந்து பிடித்துக்கொண்ட ஆசை. அதற்குப் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு கிடைக்க வேண்டும். அறிவியல் பிரிவு இருக்கிற பள்ளி எங்கள் ஊரில் ஒன்றே ஒன்று. அங்கே சேரச் செய்முறைத் தேர்வில் ஐம்பதுக்கு முப்பத்தைந்து மார்க்காவது வேண்டும். அப்பா நாற்பத்தெட்டு போடுகிற வரைக்கும் அவளுக்கு என்ன கவலை?

அந்த வருடம்தான் மேலிடத்திலிருந்து அந்த ஆணை வந்தது. இனி செய்முறைத் தேர்வை அந்தந்தப் பள்ளி ஆசிரியர் நடத்தக் கூடாது. வேறு பள்ளியிலிருந்து தேர்வாளர் வருவார். மாணவர்கள் கருவிகளைக் கையாளும் விதத்துக்குத்தான் மார்க். ஆணையைப் படித்துவிட்டுப் பூட்டு சார் கேட்ட முதல் கேள்வி, "கையாளும்போது உடைஞ்சா யாரு பொறுப்புன்னு போடலையே?" என்பது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர் வீட்டில் இருந்தேன். மகள் நேரடியாகவே கேட்டாள்.

"அப்பா, ஒரே ஒரு தடவை நிஜ மைக்ராஸ்கோப்பைத் தொட்டுப் பாக்கறேனே."

"தொட்டுப் பாக்கறதுக்கா அதை வாங்கி வெச்சிருக்கு?"

"அப்புறம் எதுக்கு?"

"படிக்கிற பொண்ணு கேக்கற கேள்வியா இது?" என்றார்.

"படிக்கிற பொண்ணுதான் கேக்கும். படிக்காததா வந்து கேக்கும்?" என்று அவர் மனைவி சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தார். "முப்பத்தஞ்சு வரலைன்னா அவளுக்கு சீட் கிடைக்காதுங்க. அது தெரியுமா தெரியாதா உங்களுக்கு?"

"வரும். தியரி ஸ்ட்ராங்கா இருந்தா ப்ராக்டிகல் தானா வரும்."

"நீங்க ஒரு நாள் புஸ்தகத்தைப் பாத்து சமைச்சீங்களே, அந்த மாதிரியா?"

"என் பொண்ணுக்கு மட்டும் பீரோவைத் தொறந்தா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"எல்லாருக்கும் தொறங்க. யாரு வேணாங்கறா?"

மனைவியிடம் மாட்டிக்கொண்டால் என் பக்கம் திரும்புவது அவர் வழக்கம். "சார், நீங்க மைக்ராஸ்கோப்புக்கு ஒரு மாடல் செஞ்சு குடுங்களேன். பசங்க அதுல பழகிக்கட்டும்" என்றார்.

அங்கேதான் நான் வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்திருக்க வேண்டும். யாராவது என் கைவேலையைக் கேட்டால் எனக்கு மறுக்க வராது; அது ஒரு வியாதி. ஒரு வாரம் உட்கார்ந்து தெர்மாகோலில் ஒரு நுண்ணோக்கி செய்தேன். நிஜத்தின் அதே உயரம், அதே அகலம். கறுப்பு வண்ணம் பூசி, திருகுகளுக்கு வெள்ளிக் காகிதம் சுற்றினேன். திருகுகள் திரும்பும். எதையும் மேலே கீழே நகர்த்தாது, ஆனால் திரும்பும். கண்ணருகு லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில், குழாய்க்குள்ளே, மெல்லிய தாளில் வெங்காயத் தோலின் செல்களை வரைந்து ஒட்டினேன். வெளிச்சத்துப் பக்கம் திருப்பிக் கண்ணை வைத்தால் இளஞ்சிவப்பில் அடுக்கடுக்காகத் தெரியும். அடியில் என்ன வைத்தாலும் சரி, எதுவுமே வைக்காவிட்டாலும் சரி, மேலே வெங்காயத் தோல்தான். எடை நூறு கிராம்கூட வராது.

அடுத்ததாக ஒரு பியூரெட்டும் செய்தேன். உள்ளே நீலக் கண்ணாடித் தாள், அதற்கு ஒரு நூல். நூலை இழுத்தால் நீல மட்டம் சரியாக இருபது மில்லியில் வந்து நிற்கும். எத்தனை தடவை இழுத்தாலும் இருபதுதான். இரண்டையும் கற்பித்தல் துணைக்கருவிகள் கண்காட்சிக்கு அனுப்பினோம். நுண்ணோக்கிக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. இரண்டாம் பரிசு வாங்கியது ஒரு தெர்மாகோல் எரிமலை. நடுவர்களுக்கு ரசனை இல்லை என்று நான் ஒரு மாதம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆறு வாரம் பிள்ளைகள் அதில் பழகினார்கள். முப்பத்தோரு பேர், ஒரே தெர்மாகோல். வரிசையாக வந்து ஒரு கையால் தூக்கி, ஜன்னலோரம் வைத்து, கண்ணைப் பொருத்தி, வெங்காயத் தோலைப் பார்த்து, படம் வரைந்து, அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். பூட்டு சாரின் மகள்தான் எல்லோரையும் விட வேகம். ஒற்றைக் கையால் லாவகமாகத் தூக்கிக்கொண்டு போய் வைத்து, பதினான்கு பாகங்களையும் மூச்சுவிடாமல் சொல்லிவிடுவாள். "பாத்தீங்களா சார்? ஒண்ணும் உடையல" என்பார் அவர். தெர்மாகோல் எப்படி உடையும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மூன்றாம் பரிசு வாங்கிய மயக்கத்தில் இருந்தேன்.

தேர்வுக்கு மூன்று நாள் முன்னால் தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டு, பீரோவைத் திறந்தே ஆக வேண்டும் என்று கறாராகச் சொன்னார். திறந்தார். பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையில் வந்து, ஆளுக்கு ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மருத்துவமனையில் நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி ஓசைப்படாமல் நடந்தார்கள். பிறகு பீரோவைப் பூட்டிவிட்டு, திறந்து காட்டியதாகத் தலைமையாசிரியையிடம் எழுத்தில் கொடுத்துவிட்டார்.

தேர்வாளர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள். ஊரிலேயே அறிவியல் பிரிவு இருக்கிற அந்தப் பள்ளியின் வேதியியல் ஆசிரியை. அவர் போட்டிருந்த வெள்ளை மேலங்கியில் அமிலம் தெறித்த ஓட்டைகள், மஞ்சளும் ஊதாவுமாகக் கறைகள். பூட்டு சாரும் அன்றைக்கு மேலங்கி போட்டிருந்தார், மடிப்புக்கூடக் கலையவில்லை. அந்த அம்மாள் வந்ததும் வராததுமாகக் குழாயைத் திருகினார்.

"தண்ணி வரலையே?"

"குடிக்கவா மேடம்? இதோ கொண்டுவரச் சொல்றேன்."

"கழுவறதுக்குங்க. லேப்ல தண்ணி இல்லாம என்ன பண்ணுவீங்க?"

பூட்டு சார் ஓடிப்போய் வால்வைத் திறந்தார். குழாய் இரண்டு தடவை செருமிவிட்டுத் துருத்தண்ணீரைக் கக்கியது. பிள்ளைகள் அதையே ஒரு சோதனையாக நினைத்து ஆவலோடு பார்த்தார்கள்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். சார்ட் மாட்ட வந்ததாகச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வேடிக்கை பார்க்க வந்தேன். அந்த அம்மாள் தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, கண்ணாடித் தகட்டில் வைத்து, மேசைமேல் இருந்த நிஜ நுண்ணோக்கியில் பொருத்தினார். திருகை வேண்டுமென்றே கலைத்துவிட்டு, "ஒவ்வொருத்தரா வந்து பாருங்க. தெரியறதை வரைங்க" என்றார். ஐந்து பேர் வந்து பார்த்தார்கள். திருகைத் திருப்பினால் தெளிவாகும் என்பது யாருக்கும் தெரியாது. மங்கலாக ஏதோ தெரிந்திருக்கும். தெரிந்ததை வரைந்தா அவர்களுக்குப் பழக்கம்? ஐந்து பேரும் அழகாக வெங்காயத் தோல் வரைந்து, அம்புக்குறி போட்டு, அடிக்கோடிட்டுக் கொடுத்தார்கள்.

அந்த அம்மாள் ஐந்து தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு தன் தலையைத் தடவிக்கொண்டு, "ஏம்பா, என் தலையில வெங்காயமா வளருது?" என்றார்.

ஆறாவதாக நின்றவள் பூட்டு சாரின் மகள். "நீ வாம்மா. இதை அந்த ஜன்னல்கிட்ட தூக்கிட்டுப் போய் வெச்சு, வெளிச்சம் சரி பண்ணிட்டு, என்ன தெரியுதுன்னு சொல்லு" என்றார் அந்த அம்மாள்.

அவள் தைரியமாகத்தான் போனாள். ஆறு வாரப் பழக்கம். ஒற்றைக் கையால் நுண்ணோக்கியின் கழுத்தைப் பிடித்து, தெர்மாகோலைத் தூக்குகிற அதே லாவகத்தோடு வெடுக்கென்று தூக்கினாள். நிஜ நுண்ணோக்கி இரும்பு. நாலு கிலோ இருக்கும். மேசை விளிம்பைத் தாண்டியதும் மணிக்கட்டு மடங்கிற்று, பிடி நழுவிற்று. அது அவள் வலது கால் கட்டைவிரல்மேல் விழுந்து, அங்கிருந்து தரையில் விழுந்து இரண்டாகப் போயிற்று. அவள் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பூட்டு சார் அறையின் அந்தக் கோடியிலிருந்து பாய்ந்து வந்தார். வந்து மண்டியிட்டார். இரண்டு கையாலும் நுண்ணோக்கியை வாரி எடுத்தார்.

இருபத்தாறு வருடத்தில் அவர் இவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஊதினார், கைக்குட்டையால் துடைத்தார். மகளின் காலைப் பிடித்தது தேர்வாளர் அம்மாள்தான். நகம் கறுத்து ரத்தம் கசிந்தது. நான் என்ன செய்தேன் என்று கேட்டால், சார்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

"வருஷம் பூரா பயிற்சி குடுத்திருக்கோம் மேடம்" என்றார் பூட்டு சார், லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்தப் பொண்ணு எப்பவுமே கொஞ்சம் கவனக்குறைவு."

அந்த அம்மாள் ஈரத் துணியை விரலில் சுற்றிக்கொண்டே, "நகம் போயிடும் போல இருக்கே. வீட்டுக்குச் சொல்லணும். உங்க அப்பா எங்கம்மா இருக்காரு?" என்று கேட்டார்.

"அதோ, லென்ஸைத் தொடைச்சிட்டிருக்காரு மேடம்."

குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவளிடம், "உண்மையைச் சொல்லு. இதுக்கு முன்னாடி நீ மைக்ராஸ்கோப் தூக்கியிருக்கியா?" என்றார்.

அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று எல்லோரும் காத்திருந்தோம். தூக்கியிருக்கிறேன் என்றால் அப்பா பிழைத்தார்; இவளுக்கு மார்க் போயிற்று, சீட் போயிற்று. தூக்கியதில்லை என்றால் அப்பா சொன்ன பயிற்சி பொய், சுவரில் மாட்டியிருக்கிற இருபத்தாறு சட்டத்துக்கும் மதிப்பில்லை. பூட்டு சாரின் கைக்குட்டை நின்றது. மகளிடம் கண்ணாலேயே கெஞ்சினார். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"தூக்கியிருக்கேன் மேடம். ஆனா அது தெர்மாகோல். ஒரு கையாலயே தூக்கலாம்."

"என்னது?"

அதை எடுத்து வந்து காட்டியவன் நான். யாரும் என்னைக் கேட்கக்கூட இல்லை. தன் கைவேலையைக் காட்டச் சந்தர்ப்பம் வந்தால் இடம் பொருள் பார்க்காத ஜென்மம் நான். அந்த அம்மாள் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். திருகைத் திருப்பினார். ஜன்னல் பக்கம் திருப்பிக் கண்ணை வைத்தார்.

"யாரு வரைஞ்சது?"

"நான்தான் மேடம். மூணாம் பரிசு வாங்கினது" என்றேன்.

"நல்லா வரையறீங்க" என்றார் அந்த அம்மாள். அதற்கு மேல் என்னைத் திட்ட அவருக்கு வார்த்தை தேவைப்படவில்லை.

தேர்வை அங்கேயே நிறுத்தினார். மாணவர்கள்மேல் தவறில்லை, கருவிகளைத் தொடவே விட்டதில்லை, மூன்று வாரம் தன் பள்ளியில் பயிற்சி கொடுத்து மறுதேர்வும் அங்கேயே வைக்கிறேன் என்று மேலிடத்துக்கு எழுதி அனுமதியும் வாங்கிவிட்டார். முப்பத்தோரு பிள்ளைகளும் தினமும் மதியம் பேருந்தில் அங்கே போனார்கள். பூட்டு சாரை யாரும் கூப்பிடவில்லை. அவருக்கு அதைவிடப் பெரிய வேலை இருந்தது. விளக்கக் கடிதம் எழுத வேண்டும்.

ஆசிரியர் அறையில் அவர் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்தேன். உடைந்த பொருள்: நுண்ணோக்கி, ஒன்று. உடைத்தவர் என்ற இடத்தில் மகளின் பெயர், வகுப்பு, பிரிவு, வரிசை எண். முத்து முத்தான கையெழுத்து. காரணம்: அஜாக்கிரதை.

"சார், இது உங்க பொண்ணு" என்றேன்.

"அதனாலதான் சார் கண்டிப்பா எழுதணும். பெத்த பொண்ணுன்னு மறைச்சுட்டேன்னு ஒருத்தரும் சொல்லிடக் கூடாது." சொல்லிவிட்டு, உடைந்த பாகத்தை மூன்று பக்கத்திலிருந்தும் வரைந்து தரச் சொன்னார், கடிதத்தோடு இணைக்க. நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். நிழல் எல்லாம் போட்டு நன்றாகவே வரைந்து கொடுத்தேன்.

கடிதத்தின் நகலை அவர் வீட்டில் வைத்துவிட்டார், பத்திரமாக, பாலித்தீன் உறையில். அதை மனைவி படித்தார். பத்து நாள் அவரோடு பேசவில்லை. மகளும் படித்தாள். "காரணத்துல தெர்மாகோல்னு போடலையாப்பா?" என்று மட்டும் கேட்டாளாம். கட்டைவிரல் நகம் விழுந்துபோய், கட்டுப் போட்ட காலோடு நொண்டிக்கொண்டே மூன்று வாரமும் போய் வந்தாள். விரல்களில் ஊதாக் கறையோடு வீட்டுக்கு வருவாள். ஒரு நாள் சீருடையில் மிளகளவு ஓட்டை. மனைவி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். பூட்டு சார் அந்த ஓட்டைக்கும் படிவம் இருக்கிறதா என்று தேடியிருப்பார்.

மறுதேர்வு அன்று அவர் மகளோடு கிளம்பினார். எனக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அந்த வெங்காயத் தோல் என் கண்ணை விட்டுப் போகாமல் இருந்தது. நானும் பேருந்தில் ஏறிக்கொண்டேன். பள்ளி வாசலில் அவள் நின்று, "நீங்க உள்ள வராதீங்கப்பா" என்றாள். குரலில் கோபம் இல்லை. அவர் தலையாட்டினார். சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டி ஒரு சிமெண்டுப் பலகை இருந்தது. அதில் உட்கார்ந்தோம்.

ஆய்வகத்தின் ஜன்னல்கள் எங்களுக்கு நேர் மேலே திறந்திருந்தன. தண்ணீர் ஓடும் சத்தம், கண்ணாடியோடு கண்ணாடி உரசும் சத்தம், பிள்ளைகள் பேசிக்கொள்ளும் சத்தம் எல்லாம் கேட்டன. ஒவ்வொரு 'ணங்'குக்கும் பூட்டு சாரின் தோள் ஒரு முறை தூக்கிப் போட்டது. ஒரு மணி நேரம் போயிருக்கும். மேலே ஏதோ விழுந்து சில்லு சில்லாக நொறுங்கியது. அவர் எழுந்தே விட்டார்.

"அது கிளாஸ் சார்."

"உக்காருங்க சார்."

"பீக்கர். இருநூத்தம்பது மில்லி."

தன் ஆய்வகத்தில் ஒரு பீக்கர்கூட உடைய விடாதவருக்கு அதன் அளவு எப்படிக் காதில் கேட்டதோ. கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அதற்கப்புறம் அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே யாராவது கத்துவார்கள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. யாரும் கத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் பழையபடி தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

மகள் வெளியே வந்தாள். நொண்டல் இன்னும் போகவில்லை, ஆனால் வேகமாக வந்தாள்.

"நாப்பத்தி மூணுப்பா! சீட் கிடைச்சிடும்னு மேடம் சொல்லிட்டாங்க."

நான் அசட்டுத்தனமாகக் கைகூடத் தட்டினேன். பூட்டு சார் சிரித்தார், "நல்லதும்மா" என்றார், அவள் தலையில் கை வைத்தார். பிறகு அடக்க முடியாமல் கேட்டார்.

"உள்ள ஏதோ உடைஞ்ச சத்தம் கேட்டுது. யாரு?"

"நான்தான். பீக்கர். கை ஈரமா இருந்துது, வழுக்கிடுச்சு."

அவர் முகம் செத்துப்போயிற்று. "அப்புறம்?"

"விளக்குமாறு குடுத்தாங்க. கூட்டினேன். வேற பீக்கர் எடுத்துக்கச் சொன்னாங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"அது எப்படி அவ்வளவுதான்? யார் பேருல எழுதினாங்க?"

அவள் ஈரக் கையைச் சீருடையில் துடைத்துக்கொண்டாள்.

"பேரெல்லாம் யாரும் கேக்கலப்பா. கையில கீறிச்சான்னு கேட்டாங்க."